டவர் இல்லாத மலையில் ஒரு இரவு: வீட்டுக் கம்ப்யூட்டரில் தொடங்கும் ஏற்பாடுகள்

கொல்லிமலையில் கூடாரம் போட்டு ஒரு இரவு தங்க வேண்டும் என்று ஆசையா? பையை எடுப்பதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாக அடிவாரமான காரவள்ளி வரை செல்போன் பிரச்சினை தராது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடு போன்ற ஊர்களில் சிக்னல் கிடைக்கும். ஊரைத் தாண்டி மரங்கள் அடர்ந்த பள்ளத்தில் இறங்கினால் சிக்னலை நம்ப முடியாது. ஆகவே மலையில் தேவைப்படும் தகவல் எல்லாம் வீட்டிலேயே தயாராகி, போனுக்குள்ளும் பேப்பரிலும் ஏறியிருக்க வேண்டும். இதற்குக் காசு கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்கத் தேவையில்லை.

முதலில் இடம். மலைச்சரிவுகளில் இருப்பது பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைந்து தங்குவது சட்டப்படி குற்றம். மேல்மட்டத்தில் மிளகு, காபி, அன்னாசி பயிரிடும் விவசாயிகளின் பட்டா நிலங்கள் இருக்கின்றன. உரிமையாளரிடம் முன்பே பேசி, அவர் காட்டும் இடத்தில் கூடாரம் போடுவதுதான் முறை. சர்வே எண் தெரிந்தால் தமிழக அரசின் பட்டா, சிட்டா இணையதளத்தில் அது யார் நிலம் என்று பார்த்துக்கொள்ளலாம். காட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளம் இருக்கிறது. வழிகாட்டியுடன் செல்லும் மலையேற்றங்களை அதில் பதிவு செய்யலாம்.

அடுத்து மாதம். வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு காய்வதற்கு முன்பாக, டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை என்பது என் கணக்கு. பிப்ரவரிக்கு மேல் காட்டுத்தீ பயம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி, 20 பேருக்கும் மேல் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாசாவின் 'பர்ம்ஸ்' இணையதளத்தில் செயற்கைக்கோள்கள் கண்ட தீப்புள்ளிகளை உலக மேப்பில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் போகும் மலையை ஜூம் செய்து, கடந்த சில ஆண்டுகளில் அதே மாதத்தின் தேதிகளைக் கொடுத்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். கிளம்பும் நாள் காலையிலும் ஒருமுறை பார்க்கவும்.

மேப் காட்டாத உயரம்

சாதாரண மேப்பில் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருப்பது அதில் தெரியாது. இதற்கு கூகுள் எர்த் ப்ரோ கை கொடுக்கும். 2015 முதல் இலவசம். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து, மேலே உள்ள 'ஆட் பாத்' பட்டனை அழுத்தி, நடக்கப் போகும் வழியில் மவுஸால் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்யுங்கள். சேமித்த பின் அந்தப் பாதையின் பெயரில் ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் ப்ரொபைல்' கொடுத்தால் ஏற்ற இறக்கம் வரைபடமாக வரும். எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம். ஜனவரி நடுவில் இங்கே ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தில் அதற்கு முன்பே இருட்டும். திரும்பி ஏறும் நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குளிருக்கும் இதே கணக்கு உதவும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். போனில் நாமக்கல் என்று போட்டு வரும் வெப்பநிலையை நம்பி ஒரு போர்வையோடு போகாதீர்கள்.

வரைந்த பாதையை கே.எம்.எல். பைலாகச் சேமித்து போனுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப் அதைத் திறக்கும். ஓபன் ஸ்ட்ரீட் மேப் தகவலில் ஓடும் ஆப் இது. அந்தப் பகுதி முழுவதையும் வை-பையில் முன்பே டவுன்லோட் செய்துவிட்டால், இன்டர்நெட் இல்லாமலே வழி காட்டும். கூகுள் மேப்ஸிலும் ஆப்லைன் வசதி உண்டு. ஆனால் ஆப்லைனில் வண்டி வழிதான் சொல்லும், நடைவழி சொல்லாது. மலையில் நமக்கு வேண்டியதோ நடைவழி.

டவர் இல்லை என்றால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜி.பி.எஸ். சிக்னல் செயற்கைக்கோளில் இருந்து நேரடியாக வருகிறது. சிம் கார்டே வேண்டாம். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை வழக்கமாக இன்டர்நெட் வழியாக வாங்கி போன் சீக்கிரம் இடம் கண்டுபிடிக்கிறது. நெட் இல்லாவிட்டால் அதையும் வானத்தில் இருந்தே வாங்க வேண்டும், ஆகவே சில நிமிடங்கள் ஆகலாம். மரநிழலில் இருந்து விலகித் திறந்த வெளியில் பொறுமையாக நில்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. போன் காட்டும் உயரம், வழியில் உள்ள போர்டில் போட்டிருப்பதைவிட சுமார் 90 மீட்டர் குறைவாக இருந்தால் போனைத் திட்டாதீர்கள். ஜி.பி.எஸ். உயரத்தை அளப்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு சீரான நீள்கோளத்தில் இருந்து. தென்னிந்தியாவில் உண்மையான கடல் மட்டம் அதற்குக் கீழே அமைந்திருக்கிறது. சில ஆப்கள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது.

பேட்டரி

டவர் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடிப் பேட்டரியைத் தின்றுவிடும். ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். இன்றைய போன்களில் அந்த மோடிலும் ஜி.பி.எஸ். ஓடும், வீட்டிலேயே ஒருமுறை சோதித்துக்கொள்ளவும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு தடவை நிரப்பும் என்பது காகிதக் கணக்கு. மின்னழுத்த மாற்றத்தில் இழப்பு போக ஒன்றரை தடவை கிடைத்தால் சரி. நாலு பேர் போனால் ஒருவர் போனில் மட்டும் மேப்பை ஓட விடுங்கள். படம் எடுப்பது இன்னொருவர் போனாக இருக்கட்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் செயற்கைக்கோள் மெசேஜ் கருவிகளைச் சிபாரிசு செய்வார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றைப் பயன்படுத்தினால் வழக்கு வரும். வாங்கி வர வேண்டாம்.

வீட்டில் விட்டுப் போகும் பேப்பர்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான், ஆனால் பெரும்பாலானோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். மலையில் ஒருவருக்குக் கால் முறிந்து, போனும் எடுக்கவில்லை என்றால், எங்கே தேடுவது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். ஒரு ஏ-4 தாளில் போகிறவர்கள் பெயர், போன் எண், ரத்த வகை, வண்டி எண், நில உரிமையாளரின் போன் எண், நடக்கும் பாதையின் பிரின்ட், கூடாரம் போடும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைப் போடுங்கள்.

இந்த எண்களை எழுதுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 11.25 டிகிரி என்பதும் 11 டிகிரி 25 நிமிடம் என்பதும் ஒன்றல்ல. 11.25 டிகிரி என்றால் 11 டிகிரி 15 நிமிடம். இரண்டுக்கும் உள்ள 10 நிமிட வித்தியாசம் தரையில் 18 கிலோமீட்டருக்கும் மேல். தேடி வருகிறவர்கள் அடுத்த மலையில் போய் நிற்பார்கள். கூகுள் தருவது போலத் தசம டிகிரியிலேயே எழுதி, பக்கத்தில் 'தசம டிகிரி' என்றும் குறிப்பிடுங்கள். புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் போதும், அது சுமார் 11 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும்.

அதே தாளில் நேரங்களையும் எழுதுங்கள். 'ஞாயிறு மாலை 4 மணிக்குள் போன் செய்வோம். வராவிட்டால் 5 மணிக்கு நில உரிமையாளரைக் கூப்பிடவும். 6 மணிக்கும் தகவல் இல்லை என்றால் போலீஸ்.' நீங்கள் பெங்களூரில் வேலை பார்ப்பவர் என்றால், அங்கிருந்து 112 அடித்தால் கர்நாடகப் போலீஸ்தான் எடுப்பார்கள். ஆகவே மலையில் உள்ள காவல் நிலையத்தின் நேரடி எண்ணைத் தேடிப் போடுங்கள். உங்களுக்கோ மலையில் உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 போகும். ஏர்ப்ளேன் மோடை எடுத்துவிட்டு முயற்சி செய்யவும்.

எங்கள் வீட்டில் அம்மாதான் இந்தப் பேப்பரின் பொறுப்பாளர். அவருக்கு எக்செல் ஷீட்டும் மேப் லிங்க்கும் உதவாது. வேர்டில், லதா பான்ட்டில், 16 சைசில், தமிழில் டைப் செய்து பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அது காலண்டர் ஆணியில் தொங்கும். இன்னொரு காப்பி காரின் டேஷ்போர்டில். கடைசி நேரத்தில் திட்டம் மாறினால், சிக்னல் இருக்கும் செம்மேட்டிலேயே நின்று வீட்டுக்குப் பேசி, பேனாவால் அந்தத் தாளைத் திருத்தச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.