அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே நான்

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு சத்திரம்தான். குற்றாலத்தில் குளிக்க வரும் உறவுக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் இறங்குவார்கள். போன ஆனியில் என் அக்கா மகள் வந்திருந்தாள். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிப்பவள். பரீட்சைக்கு ஒரு கிரேக்க நாடகமாம். குளித்து வந்த ஈரத் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்து கதை சொன்னாள்.

2,400 வருஷங்களுக்கு முன் சோபோக்ளிஸ் என்பவர் எழுதியது. 'உன் மகனே உன்னைக் கொல்வான்' என்று தீப்ஸ் நகர ராஜாவுக்கு ஒரு குறி. பயந்துபோன ராஜா, பிறந்த குழந்தையின் கால்களைத் துளைத்துக் கட்டி மலையில் போட்டுவிட ஏற்பாடு செய்கிறான். குழந்தை பிழைத்து வேறு ஊரில் வளர்கிறது. அவன்தான் ஈடிபஸ். பெரியவனானதும் வழியில் நடந்த சண்டையில் யாரென்று தெரியாமலே அப்பாவைக் கொல்கிறான். தெரியாமலே தாய்க்கு மாலையிடுகிறான். உண்மை வெளிப்பட்டதும் தாய் உயிரை விடுகிறாள். இவன் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

"சீ, என்ன கதைட்டி இது! படிக்க வேற நல்ல கதையே இல்லையா?" என்றேன்.

"கதையை அப்படியே எடுத்துக்கிடாதீங்க சித்தி. உங்க பையன் சின்னதில எப்படி இருந்தான்னு நினைச்சுப் பாருங்க" என்றாள்.

வியன்னா நகரத்து மனோதத்துவ டாக்டர் ஃபிராய்டு, கனவுகளைப் பற்றி 1899-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த நாடகத்தை எடுத்துப் பேசுகிறாராம். சின்ன வயதில் ஆண் குழந்தைக்கு அம்மா தனக்கு மட்டும் வேண்டும் என்ற ஆசையும், அப்பா மேல் ஒரு போட்டியும் உண்டு. வளர வளர அது அடிமனதில் புதைந்துவிடும். அந்தப் புதைந்த ஆசையைத் தொடுவதால்தான் நாடகம் நம்மை உலுக்குகிறது என்பது அவர் கருத்து. இதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என் மகன் மூன்று வயதில், "நீ போப்பா, அம்மா எனக்குத்தான்" என்று அவரைப் பாயிலிருந்து தள்ளுவான். நாங்கள் சிரிப்போம். உங்கள் வீட்டிலும் நடந்திருக்குமே!

கல்கத்தாவில் 1922-ல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் ஃபிராய்டுக்குக் கடிதம் எழுதி வாதாடியவர். இந்தியர்களின் மனம் எல்லாவற்றிலும் ஐரோப்பியர்கள் மாதிரியே இல்லை என்றாராம். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜனும் நம் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1983-ல் ஒரு தொகுப்பில் வந்தது. அவர் சொல்வது, நம் கதைகளில் பெரும்பாலும் பிள்ளை அப்பாவைக் கொல்வதில்லை, அப்பாவுக்காகத் தன்னையே விட்டுக்கொடுக்கிறான். யயாதியின் முதுமையை வாங்கிக்கொண்டு தன் இளமையைக் கொடுத்தான் பூரு. தகப்பனின் கல்யாணத்துக்காக ராஜ்யமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்றார் பீஷ்மர்.

அவர் கர்நாடகத்தில் ஒரு பெண்ணிடம் கேட்ட கதை ஒன்றும் அதில் இருக்கிறது. ஈடிபஸ் கதை மாதிரியேதான். ஆனால் விதிக்குப் பயந்து காட்டுக்கு ஓடுவது தாய். குழந்தையைத் தன் சேலைத் துணியில் சுற்றி ஆற்றில் விடுவது தாய். பின்னாளில் அந்தத் துணியைப் பார்த்து உண்மையை அறிந்து உயிரை விடுவதும் தாய்தான். பெண் சொன்னதால் கதையே தாயின் கதையாகிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாக் கதையிலும் பெரியவர்களின் பயம்தானே ஆரம்பம்! என் வீட்டில்?

மகன் டிப்ளமோ முடித்தவன். ஓசூரில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கோ பலசரக்குக் கடையை அவன் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி மாசக்கணக்காகிறது. "அப்பாட்ட நீயே சொல்லும்மா" என்பான் இவன். "அவன்ட்ட கேளு" என்பார் அவர். நடுவில் தூது நான். தூது ஒழுங்காகப் போனதா? இவனிடம், "அப்பா சம்மதிக்க மாட்டாங்க" என்றேன். அவரிடம், "அவனுக்கே போக இஷ்டமில்லை" என்றேன். இரண்டுமே யாரும் சொல்லாதது. அவன் போய்விடுவானோ என்று பயந்தவள் நான்.

மறுநாள் விடியற்காலையில், "எனக்கு இடுப்பு வலி, நீங்க ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போயிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தேன். பத்து மணிக்குத் தலை துவட்டிக்கொண்டே வந்தார்கள். சாப்பிட உட்கார்ந்த அவர் மெதுவாகக் கேட்டார்:

"ரெண்டு மாசமா ஓசூருக்குப் போகணும்னு சொல்லுதானாமே. நீ வேற மாதிரில்லா சொன்ன?"

பதில் சொல்ல முடியவில்லை. இட்லித் தட்டைப் பார்த்தபடி, "தப்புத்தான்" என்றேன். மகன் ஆவணியில் கிளம்பினான். கடைக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறோம். அவருக்கு மனக்குறை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முதலில் எடுப்பது அவர்தான்.

இளம் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். குழந்தை அப்பாவைத் தள்ளினால் கைதட்டிச் சிரிக்காதீர்கள். குளிப்பாட்ட, சோறூட்ட அவரையும் விடுங்கள். "அப்பா வரட்டும், சொல்லுதேன்" என்று அவரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். வளர்ந்த பிறகு இருவருக்கும் நடுவில் தூது போகாதீர்கள்.

எங்கள் ஊர் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர், பின்னாளில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்கிறவர்களின் பாதங்களை இப்போதே வணங்குகிறேன் என்று கல்வெட்டில் பொறித்து வைத்தார். சிதைந்து போன ராஜகோபுரம் பிற்காலத்தில் எழும்பி, 1990-ல் கும்பாபிஷேகமும் நடந்தது. பின்னால் வருகிறவர்களைக் கண்டு பயப்படாத ராஜா! கோபுர வாசலில் காற்று முகத்தில் அடிக்கும்போதெல்லாம் இப்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.