கலாசாலையில் ஒரு வனம்

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடியேறியது. அங்கே அதற்குக் கிடைத்தது சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. ரசாயன ஆசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவியார் ஆலிஸ் அம்மையாரும் அதில் பலவகை மரங்களை நட்டார்கள். இன்று அவ்வனத்தில் புள்ளிமான்கள் திரிகின்றன. மாணாக்கர் நிழலிலே நடக்கின்றனர்.

நிழலை அநுபவிப்போருக்கு ஒரு கடமையும் உண்டு. உதிர்ந்த சருகு குப்பையன்று. கொளுத்தினால் புகைதான் மிஞ்சும். மரத்தடியில் விட்டால் மக்கி உரமாகும், மழைநீரையும் மண்ணுக்குள் இறக்கும். கோடைதோறும் தண்ணீருக்குத் தவிக்கும் சென்னைக்கு இது அற்ப விஷயமா?

பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்பும் பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே: உங்கள் வீட்டு முற்றத்துச் சருகை எரிக்காதீர்கள். அந்தப் பாடம் வீட்டிலேயே ஆரம்பமாகட்டும்!