லோத் ஆற்றின் இழுவைப் பாதை

தென்மேற்குப் பிரான்சில், பூசியெஸ் என்ற சிற்றூரிலிருந்து லோத் ஆற்றங்கரையோடு சேன்-சீர்-லாப்போப்பி கிராமத்துக்கு நடந்து போகிறவர்கள், வழியில் ஓரிடத்தில் பாறைக்குள் புகுந்து நடக்க வேண்டியிருக்கும். அது குகை அல்ல. ஆற்றிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றின் அடியைக் குடைந்து போட்ட பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாறைச் சுவர், தலைக்கு மேலே கூரையாகக் கவிந்த அதே பாறை. கனில் என்ற இடத்தில் 1840களில் வெட்டப்பட்டது. இன்று அது பிரான்சின் நெடுந்தூர நடைபாதைகளில் ஒன்றான ஜி.ஆர். 36-இன் ஒரு பகுதி. வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைக் குறிகள் வழிகாட்ட, முதுகுப்பையும் கைத்தடியுமாக மக்கள் நடக்கிறார்கள். பாதி வழியில் நின்று ஆற்றைப் படமெடுக்கிறார்கள்.

அதை வெட்டியவர்கள் காட்சிக்காக வெட்டவில்லை. காஓர் நகரத்து ஒயின் பீப்பாய்களையும், ஆற்றின் மேற்பகுதி மரத்தையும், தெகாஸ்வில் சுரங்கத்து நிலக்கரியையும் ஏற்றிக்கொண்டு, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் இந்த ஆற்று வழியே கரோன் நதியில் சேர்ந்து போர்தோ துறைமுகம் வரை போயின. போகும்போது நீரோட்டம் துணை. உப்பும் காயவைத்த மீனும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அதே நீரோட்டம் பகை. கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தால்தான் படகு நகரும். மனிதர்கள் இழுத்தார்கள், வழி இடம் கொடுத்த இடங்களில் குதிரைகளும் மாடுகளும் இழுத்தன. குன்று நேராக ஆற்றில் இறங்கும் கனிலில் காலூன்ற இடமில்லை என்பதால்தான் பாறையைக் குடைந்தார்கள். கயிறு தோளில் அழுந்த, உடம்பை முன்னே சாய்த்து, தரையைப் பார்த்தபடி நடந்தவர்களுக்கு அந்த வளைவில் ஆறு எப்படித் தெரிந்திருக்கும் என்று இன்று நடக்கிறவர்கள் ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பாதையின் பாறைச் சுவரில் இப்போது ஒரு நீண்ட புடைப்புச் சிற்பம் இருக்கிறது. 1980களில் தனியேல் மோன்னியே என்ற சிற்பி செதுக்கியது. மீன்களும் சிப்பிகளும் நீர்ச்சுழிகளும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே முளைத்தவை போல எழுந்து நிற்கின்றன. கைபட்டுக் கைபட்டுச் சில இடங்கள் வழவழப்பாகிவிட்டன. பாதை போட்டவர்களின் உளியும் சிற்பியின் உளியும் ஒரே கல்லில் விழுந்திருக்கின்றன. முன்னது சோற்றுக்கு, பின்னது கண்ணுக்கு. இரண்டுக்கும் நடுவே சுமார் 140 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் ஆற்றின் தொழில் செத்துப் போனது. 1870களில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. ஏற்றுவதற்குப் பீப்பாய்கள் இல்லாமல் போயின. 1886-இல் காஓரிலிருந்து காப்தெனாக் வரை பள்ளத்தாக்கு வழியே ரயில் வந்தது. மிச்சமிருந்த சரக்கும் அதற்குப் போயிற்று. 1926-இல் படகு செல்லத்தக்க நீர்வழிகளின் அரசுப் பட்டியலிலிருந்தே லோத் நீக்கப்பட்டது. படகுகளை ஏற்றி இறக்கிய பூட்டுமதகுகள் சேறு தூர்ந்தும் கதவு உளுத்தும் கிடந்தன.

ஆற்றை வென்ற ரயிலும் நிலைக்கவில்லை. சாலையும் காரும் அதன் பயணிகளைக் கொண்டுபோயின. 1980-இல் பயணிகள் வண்டி நின்றது. பிறகு சில ஆண்டுகள் சுற்றுலா ரயில் ஓடியது. அதுவும் நின்று, இன்று தண்டவாளத்தின் மேல் புதர் மண்டிக் கிடக்கிறது. பயணிகள் வண்டி நின்று பத்து ஆண்டுகள் கழித்து, 1990-இல், மதகுகளைச் செப்பனிட்டு ஆற்றில் மறுபடி படகு விட்டார்கள். இந்த முறை சரக்குக்கு அல்ல, விடுமுறைக்கு. ஓட்டுநர் உரிமம் இல்லாமலே வாடகைக்கு எடுக்கக்கூடிய தங்கும் படகுகள் அவை. மதகுக்காரர் கிடையாது, படகில் வருகிறவர்களே கரையில் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றிக் கதவைத் திறந்து, தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, மறுபடி சுற்றி மூடுகிறார்கள். அன்று கூலிக்குச் செய்த வேலையை இன்று காசு கொடுத்துச் செய்கிறார்கள். அந்தக் கைப்பிடியைச் சுற்றும் பிள்ளைகளின் முகத்திலிருக்கும் மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆற்றிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், குன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது சேன்-சீர்-லாப்போப்பி கிராமம். உச்சியில் இருந்த கோட்டையை இடிக்கச் சொல்லி 1471-இல் பதினோராம் லூயி மன்னன் ஆணையிட்டான். இப்போது இடிபாட்டு மேடுதான். அங்கே ஏறி நின்றால் ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும். கோட்டையைவிட அதற்குக் கீழே இருக்கும் தெருக்கள்தான் ஊரின் கதையைச் சொல்கின்றன. கடைசல்காரர்களின் தெருக்கள் அவை. சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் வளரும் பாக்ஸ் என்ற புதர்மரம் மஞ்சள் நிறமும் கெட்டித்தன்மையும் கொண்டது. அதைக் கடைந்து ஒயின் பீப்பாய்க்கான மரக்குழாய்களைச் செய்தார்கள். கீழே ஆற்றில் பீப்பாய், மேலே பட்டறையில் அதன் குழாய். ஆறு ஓடியவரை கடைசலும் ஓடியது. தரைத்தளத்தில் அகன்ற வளைவு வாசல்களுடன் இருந்த அந்தப் பட்டறைகளில் இன்று ஓவியமும் பீங்கானும் நகையும் விற்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் இன்று சுமார் 200 பேர். கோடையில் ஒரே நாளில் அதைப்போலப் பல மடங்கு பேர் வந்து போகிறார்கள். ஊருக்கு வெளியே கட்டண நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே வர வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும்.

இங்கே 13 கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்களாக இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். அவை தப்பியதற்கு வறுமை ஒரு பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். பணம் இருந்திருந்தால் பழைய மரச்சட்ட வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். தொழில் போய், பிள்ளைகள் நகரங்களுக்குப் போய், இடிக்கவும் ஆளில்லாமல் நின்ற ஊரைத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் கண்டுகொண்டார்கள். ஆன்ரி மார்த்தேன் இங்கே வீடு வாங்கினார். 1950-இல் வந்த சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன், ஒருகாலத்தில் படகோட்டிகளின் சத்திரமாக இருந்த கல்வீட்டை வாங்கி, 1966-இல் இறக்கும்வரை கோடைகளை இங்கேயே கழித்தார். 2012-இல் பிரெஞ்சு மக்கள் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் தங்களுக்கு மிகப் பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சில கிலோமீட்டர் தள்ளி, செலே ஆற்றங்கரையில் கப்ரெரே என்ற ஊரில் பேஷ் மெர்ல் குகை. 1922-இல் ஆந்த்ரே தாவீத், ஆன்ரி துதெர்த்ர் என்ற இரண்டு விடலைப் பையன்கள் இடுக்குகளில் ஊர்ந்து போய் அதன் ஓவியங்களைக் கண்டார்கள். பழங்காலத்தைத் தோண்டித் தேடும் ஆர்வத்தை அவர்களுக்கு ஊட்டியவர் உள்ளூர்ப் பாதிரியார் லெமோசி. உள்ளே சுமார் 29,000 ஆண்டுகள் பழமையான இரண்டு புள்ளிக் குதிரைகள். வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையே குதிரைத் தலை போலத்தான் நீண்டிருக்கிறது. வரைந்தவர் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வரைந்திருக்க வேண்டும். குதிரைகளைச் சுற்றி மனிதக் கைகளின் அச்சு: கையைப் பாறையில் வைத்து, வாயில் குதப்பிய நிறத்தைச் சுற்றிலும் ஊதிப் பதித்தவை. அதே முறையில் ஊதி இந்த ஓவியத்தை மறுபடி வரைந்து காட்டினார் ஆய்வாளர் மிஷேல் லோர்ப்லான்ஷே.

1952 ஜூலையில் ப்ரெத்தோன் அந்தக் குகைக்குப் போனார். ஓவியங்கள் உண்மையிலேயே பழையவையா என்று அவருக்கு ஐயம். மாமத யானை ஓவியம் ஒன்றின் கோட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நிறம் விரலில் ஒட்டியது. அதனால் எழுந்த தகராறு முற்றி நீதிமன்றம் வரை போய், அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அன்று பார்வையாளர் கையெட்டும் தூரத்தில் இருந்த அந்தச் சுவர்களை இன்று யாரும் தொட முடியாது. ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் அனுமதியில்லை. வழிகாட்டியோடு குழுவாகப் போய், குறித்த நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். லாஸ்கோ ஓவியக் குகையில் அசலை 1963-இலேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டு நகலைக் காட்டுகிறார்கள். இங்கே இன்னும் அசலையே பார்க்க முடிவதற்கு இந்தக் கண்டிப்பே காரணம். தொடும் உரிமை போனது நியாயமான இழப்பு. கவிஞரின் விரலில் ஒட்டி வந்த நிறத்தை யாராலும் திரும்ப வைக்க முடியவில்லை.

மேட்டு நிலமும் மாறியிருக்கிறது. 1999-இல் கெர்சி சுண்ணாம்பு மேடுகள் வட்டாரப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2017-இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா என்ற தகுதியும் வந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம் கொண்ட செம்மறிகள் இன்னும் மேய்கின்றன. ஒருகாலத்தில் இங்கே விளைந்து பின்பு மறைந்துபோன குங்குமப்பூவைக் கஜார்க் பகுதி விவசாயிகள் 1990களில் மீண்டும் பயிரிட்டார்கள். அக்டோபரில் பூக்கும், அன்றன்றைக்குக் கையால் பறித்து, அன்றே சூலகத்தின் மூன்று சிவப்பு இழைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150 பூக்கள். எந்த இயந்திரமும் இதைச் செய்து தருவதில்லை. சுற்றுலாப் பருவம் முடிந்த பிறகு நடக்கும் இந்த வேலைதான் இன்றைய மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

காஓர் ஒயினும் மீண்டுவிட்டது. 1971 முதல் அதற்குச் சட்டப்படியான ஊர்ப்பெயர் உரிமை உண்டு. ஆனால் அது லாரியில் போகிறது. ஆற்றில் சேன்-சீரிலிருந்து கீழே லுசெஷ் வரை சுமார் 65 கிலோமீட்டர்தான் 1990-இல் திறந்தார்கள். அதற்கும் கீழே சில துண்டுகள் தனித்தனியாகத் திறந்தன. நடுவில் நீர்மின் அணைகள். அன்றைய சரக்குப் படகுகள் கயிறும் தோளுமாகப் போய் வந்த முழு வழியையும் ஒரே படகில் கடக்கும் வசதி இவ்வளவு செப்பனிட்ட பிறகும் வரவில்லை. செலவு அதிகம்தான். ஆனாலும் போர்தோ வரை அந்த வழி ஒருநாள் திறக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.