மருவும் உண்ணியும்: குளிரால் ஒரு சிகிச்சை



நமது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதிகளில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், சில வீடுகளில் கூட்டித் துடைப்பதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. பிள்ளையின் தாடையிலோ கையிலோ இருக்கும் உண்ணியை எப்படியாவது போக்கிவிட வேண்டுமென்று உம்மாமார் சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசுகிறார்கள். சிலர் தலைமுடியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஊதுபத்தியால் சுடுபவர்களும் உண்டு. உண்ணி போகிறதோ இல்லையோ, புண்ணும் தழும்பும் மிஞ்சுகின்றன.

இதே காரியத்தைத் தோல் வைத்தியர்கள் கடும் குளிரைக் கொண்டு அளவோடு செய்கிறார்கள். அது என்ன சிகிச்சை, மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா, அதன் பிறகு வுழூ எப்படிச் செய்வது என்றெல்லாம் பெண்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். உண்ணி என்று நாம் ஒரே பெயரால் சொல்வது ஒரே பொருளல்ல. விரலிலும் முழங்காலிலும் சொரசொரப்பாக எழும்பும் மரு ஒரு வைரஸினால் வருவது. தொடுகையால் பரவும், சொறிந்தால் பெருகும். உள்ளங்காலில் வருவதும் அதுவே. அதனைக் கால் ஆணி என்று எண்ணிப் பலர் பிளேடால் செதுக்குகிறார்கள். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மெல்லிய சதை உண்ணி வைரஸால் வந்ததல்ல, பிறருக்குத் தொற்றாது. வயதானோர் முகத்தில் மெழுகை ஒட்டியது போல் கறுத்துத் தோன்றும் தடிப்பு வேறொன்று. இவை எல்லாம் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. கண்ணூறுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஓதித் தரும்படி மரு வந்த பிள்ளைகளை என்னிடமும் அழைத்து வருகிறார்கள். ஓதுவதில் பரக்கத் உண்டு, நான் மறுப்பதில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பகுதி எதுவும் செய்யாமலே இரண்டு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். உப்புக் கட்டிப் போட்டவரும் நூல் கட்டிவிட்டவரும் கைராசிக்காரர் என்று பெயர் வாங்குவது இதனால்தான்! ஆகவே சின்னப் பிள்ளைக்கு வலியில்லாத ஒன்றிரண்டு மரு இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

குளிரால் வைத்தியம் செய்வது புதிய விடயமல்ல. பிரித்தானிய வைத்தியர் ஜேம்ஸ் ஆர்னட், ஐஸும் உப்பும் கலந்து நோயுற்ற இடத்தை உறைய வைக்கும் முறையை 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் காட்டினார். 1899இல் நியூயோர்க்கில் கெம்பெல் வைட் என்பவர் திரவமாக்கிய காற்றை மருக்களுக்குப் பயன்படுத்தினார். 1950 அளவில் திரவ நைதரசன் வந்தது. இன்றும் அதுவே பெரிதும் பாவனையில் உள்ளது.

நைதரசன் நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு உள்ள வாயுதான். அதனைத் திரவமாக்கினால் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிர். நம் வீட்டு ஐஸ் பெட்டி பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை அளவில்தான் இருக்கிறது என்றால் வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். தேர்மோஸ் போத்தல் போன்ற இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில் அதனை வைத்திருப்பார்கள். புகை கிளம்புவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படலாம். பஞ்சு சுற்றிய குச்சியாலோ சிறு விசிறு கருவியாலோ மருவின் மேல் சில விநாடிகள் வைப்பார்கள். அந்த இடம் வெள்ளையாக உறையும். உள்ளே கலங்களில் ஐஸ் படிகங்கள் உண்டாகி அவை சிதைகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. சுருக்கென்று எரிவு இருக்கும், பின்னர் சிறிது நேரம் விண்விண்ணென்று தெறிக்கும். பொதுவாக விறைப்பு ஊசிகூடத் தேவைப்படுவதில்லை.

அடுத்த நாள் கொப்புளம் போடலாம். சிலவேளை அது இரத்தம் கோத்துக் கறுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், குத்தி உடைக்கவும் வேண்டாம். ஓரிரு வாரத்தில் பொருக்காகி விழும். ஒரே தடவையில் எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரு பிடிவாதக்காரன். இரண்டு மூன்று வாரத்துக்கொரு தடவை எனப் பலமுறை போக வேண்டிவரும். உள்ளங்கால் மரு இன்னும் தாமதமாகும். சீனி வருத்தம் உள்ளவர்கள் கால், விரல்களில் இதனைச் செய்யுமுன் அதனை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புண் ஆறுவது அவர்களுக்குக் கடினம்.

கலியாணத்துக்குப் பெண் இருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டியது இனித்தான் வருகிறது. தோலுக்கு நிறம் தரும் கலங்கள் குளிருக்கு மிகப் பலவீனமானவை. பூச்சியத்துக்குக் கீழே 5 பாகை அளவிலேயே அவை இறக்கத் தொடங்கும். மருவை அழிக்கவோ அதைவிட எவ்வளவோ கூடிய குளிர் வேண்டும். ஆகவே நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கும் கறுப்பு நிறத்தவர்க்கும் சிகிச்சை செய்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழலாம். சிலருக்குக் கருமை படியும். பல மாதங்களில் மங்கும், சிலருக்கு நிலைத்தும் விடும். முகத்தில் செய்வதென்றால் இதனை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிக்காஹுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடாதீர்கள். சதை உண்ணியானால் அதனைக் கத்தரித்தோ மின்சாரத்தால் சுட்டோ எடுக்கும் வழியும் உண்டு. கை கால் மருவுக்குச் சலிசிலிக் அமில மருந்தும் உண்டு. எது பொருத்தம் என்று டொக்டர் சொல்லட்டும்.

அப்படியொரு வெள்ளைப் புள்ளி விழுந்தாலும் பிள்ளையைக் குறைத்துப் பேசாதீர்கள். உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களின் உடலில் வெண்மை நோய் இருந்து, துஆவினால் குணமாகி, ஒரு திர்ஹம் அளவு மட்டும் மிஞ்சியிருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவரைக் கண்டால் பாவமன்னிப்புக்காக துஆச் செய்யும்படி கேட்குமாறு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

எல்லாக் கட்டியையும் உறைய வைக்கக் கூடாது. நிறமோ வடிவமோ மாறுகின்ற, இரத்தம் கசிகின்ற மச்சத்தைக் குளிரால் அழித்துவிட்டால், பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. உள்ளே புற்றுநோய் இருந்திருந்தால் தெரியாமலே போகும். இன்னொன்று, நம் நாட்டில் மணல் ஈ என்னும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ் என்ற தோல் நோய். இங்கேயே தொற்றிய முதல் நோயாளி பற்றி 1992இல் அறிவிக்கப்பட்டது. 2008இல் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக்கப்பட்டது. வலியும் அரிப்பும் இல்லாத சிறு பரு முகத்திலோ கையிலோ தோன்றி, மெல்லப் பெருத்துப் புண்ணாகும். வயலுக்கும் வியாபாரத்துக்கும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் போய்வரும் நம் ஆண்களிடம் இப்படி ஏதும் கண்டால் மரு என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் திரவ நைதரசன் சிகிச்சை உண்டு. புண்ணிலேயே ஊசி மருந்தும் போடுவார்கள். ஆனால் நோய் இன்னதென்று முதலில் தெரிய வேண்டும்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். அழகுக்காகப் பச்சை குத்துவதையும் பல்லை அராவுவதையும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுதல் என்று ஹதீஸ் கண்டிக்கிறது. மருவை அகற்றுவதும் அதில் சேருமா? சேராது. மரு பின்னர் வந்த நோய். அதைப் போக்குவது சிகிச்சை. சிகிச்சை செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது பொன்னால் மூக்குப் பொருத்திக்கொள்ள அனுமதித்தார்கள். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பொன்னையே குறை நீக்க அனுமதித்த மார்க்கம் இது. பிறவியிலேயே அமைந்த மேலதிக விரல் போன்றவற்றில்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இமாம் தபரீ (ரஹ்) வேதனை இருந்தாலன்றி அதனை அகற்றக் கூடாதென்றார்கள்.

வைத்தியரைப் பொறுத்தவரை, பெண் டொக்டர் கிடைத்தால் அவரிடமே போக வேண்டும். கிடைக்காவிட்டால் மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க, தேவையான இடத்தை மட்டும் ஆண் டொக்டரிடம் காட்டுவது ஆகும். மறைவான இடத்தில் மரு தோன்றினால் வெட்கத்தால் வருடக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. கணவரும் பரிசோதிக்கப்பட வேண்டியிருக்கும்.

கொப்புளம் இருக்கும்போது வுழூ? தண்ணீர் படுவதால் பொதுவாகக் கெடுதியில்லை. தேய்க்காமல் மேலே ஓடவிட்டால் போதும். உடையாத கொப்புளத்தின் மேற்தோலைக் கழுவுவதே அந்த இடத்தைக் கழுவியதாகும். அது உடைந்து நீரோ இரத்தமோ வந்தாலும் நமது ஷாபிஈ மத்ஹபில் வுழூ முறியாது, கழுவிவிட்டுத் தொழலாம். தண்ணீர் படக் கூடாதென்று டொக்டர் பிளாஸ்டர் போட்டிருந்தால் மட்டும் மற்ற இடத்தைக் கழுவி, பிளாஸ்டர் மேல் ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்துகொள்ள வேண்டும். முகத்திலோ கையிலோ பிளாஸ்டர் இருந்தால் அந்தத் தொழுகையைப் பின்னர் மீட்ட வேண்டிவரும். அதனை உங்கள் ஊர் ஆலிமிடம் விபரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு நாளில் தோலை உறைய வைப்பதால் நோன்பு முறியாது.