முடியை நேராக்கும் இரசாயனங்கள்: உடல்நலமும் சட்டமும்

சுருண்ட முடியை நேராக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் காணப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அங்கு வாழும் கறுப்பின மக்களின் இயற்கையான சுருள்முடி, வேலைத்தலங்களிலும் பாடசாலைகளிலும் ஒழுங்கற்றதெனக் கருதப்பட்டது. ஆகவே பெண்கள் பலர் சிறுவயது முதலே முடியை நேராக்கும் களிம்புகளைப் பூசி வந்தனர். அக்களிம்புகள் பற்றி எழுந்துள்ள மருத்துவக் கேள்விகளையும் வழக்குகளையும் இங்கு நோக்குவோம்.

எமது முடி கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கின்றன. முடியின் வடிவம் பெரிதும் இவற்றிலேயே தங்கியுள்ளது. ஒருவகைக் களிம்பில் உள்ள சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற வலிய காரம் இப்பிணைப்புகளை உடைப்பதால் முடி நேராகின்றது. அதே காரம் தலைத்தோலிற் பட்டால் எரிகாயம் உண்டாகலாம்.

வேறொரு வகையில் போமல்டிகைட் அல்லது அதனை வெளிவிடும் பொருள் சேர்க்கப்படுகின்றது. சூடான கருவியால் முடியை அழுத்தும்போது அது வாயுவாகி, முடியை நேராக்கிக் கொள்பவரும் அதனைச் செய்துவிடும் தொழிலாளரும் சுவாசிக்கும் காற்றிற் கலக்கின்றது. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் இதனை மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது.

போத்தலின் மேல் எழுதப்பட்டிருப்பதை அப்படியே நம்பலாமா? 2010இல் ஓரிகன் மாநிலத்திற் பரிசோதிக்கப்பட்ட 'பிரேசிலியன் புளோஅவுட்' என்னும் பொருள், போமல்டிகைட் அற்றது எனக் கூறி விற்கப்பட்டது. ஆயினும் அதில் 8 சதவீதத்திற்கும் மேலாகப் போமல்டிகைட் காணப்பட்டது. 2012இல் அந்நிறுவனம் கலிபோர்னியா அரசுடன் இணக்கத்திற்கு வந்து, 6 இலட்சம் டொலர் செலுத்தவும் எச்சரிக்கை வெளியிடவும் உடன்பட்டது.

2022 ஒக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வொன்று வெளியாயிற்று. 33,497 பெண்கள் ஏறக்குறைய 11 ஆண்டுகள் அவதானிக்கப்பட்டனர். அவர்களுள் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் ஏற்பட்டது. நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதோரில் 70 வயதுக்குள் 1.64 சதவீதத்தினருக்கு இந்நோய் வரலாமெனவும், ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியோரில் அது 4.05 சதவீதமாகலாமெனவும் ஆய்வாளர் கணித்தனர். இது ஒரு தொடர்பைக் காட்டுகின்றதேயன்றி, அப்பொருள்களே காரணமென முடிந்த முடிபாக நிறுவவில்லை. பயன்படுத்தியோரிலும் மிகப் பெரும்பாலானோருக்கு இந்நோய் வருவதில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

அதே மாதத்தில் வழக்குகள் தொடங்கின. 2023 பெப்ரவரியில் பல்வேறு மாநிலங்களின் வழக்குகள் சிக்காகோ நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. "ஆபத்தை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தும், நிறுவனங்கள் எம்மை எச்சரிக்கவில்லை" என்பதே வழக்காளிகளின் முறையீடு. நிறுவனங்கள் அதனை மறுக்கின்றன. இத்தகைய வழக்கில் இரு கேள்விகளுக்கு விடை வேண்டும். இப்பொருள் இந்நோயை உண்டாக்க வல்லதா? வல்லதாயின், இப்பெண்ணுக்கு நோய் வந்ததும் இதனாலேதானா? ஆய்வுகள் முதற் கேள்விக்குத் துணைபுரியலாம். இரண்டாவதற்கு ஒவ்வொருவரின் மருத்துவ வரலாறும், அவர் எதனை எத்தனை ஆண்டுகள் பூசினார் என்பதும் ஆராயப்படல் வேண்டும்.

1938ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆபத்தான அழகுசாதனப் பொருளைச் சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு கட்டளையிடும் அதிகாரம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திற்கு இருக்கவில்லை. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டமே அவ்வதிகாரத்தை வழங்கியது.

பெற்றோர்களே, இத்தகைய பொருளை வாங்குமுன் அதிலடங்கிய பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். போமல்டிகைட், போர்மலின், மெதிலீன் கிளைக்கோல் என்னும் பெயர்களுள் ஒன்று காணப்படின் அதனைத் தவிர்த்துவிடுங்கள். 'இயற்கையானது' என்னும் சொல் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

மாணவச் செல்வங்களே, இயற்கையான முடியமைப்பைக் காரணங்காட்டிப் பாடசாலையிலோ வேலைத்தலத்திலோ எவரையும் ஒதுக்கலாகாது என 2019இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. சுருள்முடியுடைய தோழியை வகுப்பிலே கேலி செய்யாதிருப்பது எம் ஒவ்வொருவரின் கடமையாகும்.