சேனலுக்கும் ஏலம் விடலாமா?

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டிப் பக்கம் ஓட்டு வீட்டின் மேல் ஒரு டிஷ் சாய்ந்து நிற்கும். உள்ளே சீரியல் ஓடும். எதிர் டீக்கடையில் கொடைக்கானல் பண்பலை, 100.5. அது அரசு வானொலி. தனியார் பண்பலை நடத்த வேண்டுமென்றால் அலைவரிசையை ஏலத்தில் எடுக்க வேண்டும். டிவி சேனலுக்கோ விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, அனுமதி வாங்கினால் போதும். பத்தாண்டு முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஏன் இந்த ஓரவஞ்சனை?

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச்சொத்தை ஏலம் விடாமல் கொடுக்கலாமா என்ற கேள்வி 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் பூதாகரமானது. 2012-ல் 122 தொலைத்தொடர்பு உரிமங்கள் ஒரே தீர்ப்பில் ரத்தாயின. பின்னர், சேனல்களையும் ஏலம் விட்டால் என்ன என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் கேட்டது. சாத்தியமில்லை என்று 2018 ஜூனில் டிராய் பதில் சொன்னது.

சரியான பதில்தான். ஒரு ஊரில் பண்பலைக்கு இத்தனை அலைவரிசைதான் என்று கணக்கு உண்டு. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. செயற்கைக்கோள் அப்படியல்ல. அதே அலைவரிசையை வானில் வேறோர் இடத்தில் நிற்கும் இன்னொரு செயற்கைக்கோளும் பயன்படுத்தலாம். செயற்கைக்கோளில் இடத்தை வாடகைக்குப் பிடிப்பதும் சேனல்காரர் பாடு. தட்டுப்பாடே இல்லாத சரக்குக்கு எதை வைத்து ஏலம் கூவுவது?

தட்டுப்பாடு இருந்தாலும் ஏலம் எப்போதும் நியாயம் செய்வதில்லை. பிரிட்டனில் 1991-ல் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சியின் வட்டார உரிமங்களை ஏலம் விட்டார்கள். லண்டனில் பெயர்பெற்ற தேம்ஸ் நிறுவனம், அதிகம் கேட்ட கார்ல்டனிடம் தோற்றது. மிட்லண்ட்ஸ் பகுதியில் போட்டிக்கு ஆளே இல்லை. சென்ட்ரல் நிறுவனம் ஆண்டுக்கு வெறும் 2,000 பவுண்டுக்கு உரிமத்தைத் தட்டிச் சென்றது! அண்மையில் அதே பிரிட்டன் ஏலமே வேண்டாமென்று பழைய உரிமங்களை 2034 வரை புதுப்பித்துவிட்டது.

நம்மூர்க் கதையும் அதற்குச் சளைத்ததல்ல. 1999-ல் தொடங்கிய முதல் பண்பலை ஏலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள், ஆண்டுதோறும் 15 சதவீதம் ஏறும் கட்டணத்தைத் தாங்காமல் திணறினார்கள். 2005-ல் அரசே இறங்கிவந்து, வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றியது. 2024 ஆகஸ்டில் 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் திண்டுக்கல்லும் உண்டு. கேட்பவர்கள் விளம்பர வருமானத்தைக் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டால் நல்லது.

அதற்காகப் புதுப்பிப்பு முறையில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மீடியா ஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் அனுமதியைப் புதுப்பிக்க 2022 ஜனவரியில் மத்திய அரசு மறுத்தது. காரணம், தேசப் பாதுகாப்பு. விவரம்? மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளுக்கு மட்டும். கேரள உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டது. காரணத்தையே சொல்லாமல் சேனலின் வாயை அடைக்க முடியாது என்று 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் உத்தரவை ரத்து செய்து, நான்கு வாரத்துக்குள் புதுப்பிக்கச் சொன்னது.

ஆகவே சேனல்களுக்குப் புதுப்பிப்பே இருக்கட்டும். ஆனால் எந்தத் தவறுக்கு அனுமதி போகும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். மறுப்பதானால் காலாவதித் தேதிக்கு முன்பே, காரணத்தோடு சொல்ல வேண்டும். இதை அமைச்சகம் விதியாகவே எழுதி வைக்கட்டும்.