அடிக்கடி சூடாகி அணையும் லேப்டாப்... 'தெர்மல் பேஸ்ட்' மாற்ற வேண்டிய நேரம் எது?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வீடுகளில் மனிதர்களோடு சேர்ந்து லேப்டாப்களும் திணற ஆரம்பிக்கும். பக்கத்திலிருக்கும் மீனம்பாக்கத்தில் மே மாத வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. அறையின் சூடு ஏற ஏற, லேப்டாப்புக்குள் இருக்கும் சூடும் ஏறும்.

ஆன்லைன் வகுப்பின் நடுவே ஃபேன் இரைந்து, லேப்டாப் பட்டென்று அணைந்தால், 'இதுக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்' என்று முடிவெடுப்பவர்கள் பலர். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன், சில நூறு ரூபாயில் கிடைக்கும் தெர்மல் பேஸ்ட்டைக் கவனியுங்கள்.

அது என்ன பேஸ்ட்?

பிராசஸரின் சூட்டை வெளியேற்ற, அதன்மேல் 'ஹீட் சிங்க்' என்ற உலோகப் பாகம் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு கடக்காது. அந்த இடத்தை நிரப்புவதுதான் தெர்மல் பேஸ்ட். காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாக இது சூட்டைக் கடத்தும். பல ஆண்டுகள் சூடாகி, ஆறி, மீண்டும் சூடாவதால் பேஸ்ட் காய்ந்துவிடும் அல்லது ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும்.

எப்போது மாற்றலாம்?

பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் தாங்கும். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வாங்கியதை இன்னும் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்கலாம்.

ஆனால், முதல் குற்றவாளி தூசிதான். ஜி.எஸ்.டி. சாலை ஓர வீடுகளில் சொல்லவே வேண்டாம். ஃபேனைச் சுத்தம் செய்த பிறகும், 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருளில் சாதாரண வேலைக்கே 90 டிகிரிக்கு மேல் காட்டினால் பேஸ்ட்டை மாற்றலாம்.

எப்படி மாற்றுவது?

1. வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

2. சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

3. ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள்.

4. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

5. லேப்டாப் சிப் என்றால் முழுவதும் மெல்லிய பூச்சு. டெஸ்க்டாப் என்றால் நடுவில் பட்டாணி அளவு போதும்.

6. ஸ்க்ரூக்களைக் குறுக்காக, சமமாக முறுக்குங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

டூத் பேஸ்ட் தடவுவது சீக்கிரமே காய்ந்து வேலையைக் கெடுக்கும். ரப்பர் போன்ற 'தெர்மல் பேட்' இருக்கும் இடத்தில் பேஸ்ட் வைக்கக் கூடாது. அலுமினிய ஹீட் சிங்க்கில் 'லிக்விட் மெட்டல்' வேண்டவே வேண்டாம், உலோகத்தையே அரித்துவிடும்.

கைப்பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும் முன் ஃபைல்களை பேக்கப் எடுத்துவிடுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் எத்தனை டிகிரி என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். சூடு குறையவில்லை என்றால் ஃபேனையும் சோதிக்கச் சொல்லுங்கள். புது லேப்டாப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்!